லெக்ஸஸை வளர்த்தது விலையா, வேலையா?

கேள்வி இதுதான்: கொரோலா, கேம்ரி என்று நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் செய்துகொண்டிருந்த டொயோட்டா, மெர்சிடிஸுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் சமமாக நிற்கும் லெக்ஸஸை எப்படி உருவாக்கியது? ஜெர்மன் காரைப் பார்த்துச் செய்து, விலையைக் குறைத்து விற்றதுதானே அதன் சூட்சுமம்?

விலை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை மட்டுமே காரணம் என்றால், அதே ஆண்டு ஏறத்தாழ அதே விலைக்குச் சந்தைக்கு வந்த நிஸ்ஸானின் இன்ஃபினிட்டியும் இன்று அதே உயரத்தில் இருந்திருக்க வேண்டும். இன்ஃபினிட்டி 2020இல் மேற்கு ஐரோப்பாவை விட்டே வெளியேறிவிட்டது. லெக்ஸஸ் தன் வாடிக்கையாளருக்கு விற்ற சரக்கு தொல்லையின்மை என்பது என் கணிப்பு. காருக்குள் இரைச்சல் கூடாது, ஒர்க்‌ஷாப்புக்கு அலையக் கூடாது, டீலரிடம் மல்லுக்கட்டக் கூடாது. அமெரிக்காவில் அது வென்றதற்கும் ஐரோப்பாவில் பெரிதாக எடுபடாமல் போனதற்கும் இந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் ஜப்பானியக் கார்களை அமெரிக்கர்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள். அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் ஆட்கள் வேலையிழந்தார்கள். வாஷிங்டன் நெருக்கவே, 1981இல் ஜப்பான் ‘தானே முன்வந்து’ ஓர் உச்சவரம்பை ஏற்றுக்கொண்டது: ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை. தானே முன்வந்து என்பதெல்லாம் ராஜதந்திர மரியாதை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிய கதைதான். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வரம்பு எண்ணிக்கைக்குத்தான், மதிப்புக்கு இல்லை. கப்பலில் ஏற்ற முடிகிற கார்கள் இத்தனைதான் என்றால், ஒவ்வொன்றும் அதிக லாபம் தரும் காராக இருக்கட்டும் என்று எந்த வியாபாரியும் நினைப்பான். அடுத்து, 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பை இறக்கப் பெரிய நாடுகள் கூடிச் செய்த பிளாசா ஒப்பந்தம் வந்தது. டாலருக்கு 240 யென் என்றிருந்த மதிப்பு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஜப்பானில் செய்த மலிவு கார், அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது மலிவாக இல்லை. தன் தொழிலைக் காப்பாற்ற அமெரிக்கா போட்ட வேலி, எதிராளியைத் தன் வீட்டு மாடிக்கே ஏற வைத்துவிட்டது.

முதலில் ஏறியது ஹோண்டா. 1986இல் அக்யூரா என்ற தனிப் பெயரில் லெஜெண்ட் என்ற காரைக் கொண்டுவந்து, ஜப்பானியச் சொகுசு காரையும் ஆட்கள் வாங்குவார்கள் என்று காட்டிக்கொடுத்தது. மஸ்டாவுக்கும் ஆசை இருந்தது. அமாட்டி என்று பெயர் வரை வைத்துவிட்டு 1992இல் கைவிட்டது. ஆக, சூழ்நிலை எல்லாருக்கும் பொதுவானது. அதைக் கொண்டு டொயோட்டா என்ன செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டொயோட்டாவுக்குள் இந்த வேலை அக்யூராவுக்கு முன்பே ரகசியமாகத் தொடங்கிவிட்டது. 1983 ஆகஸ்டில் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் தலைசிறந்த கார்களோடு மோதக்கூடிய ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா என்று தன் அதிகாரிகளிடம் கேட்டார். திட்டத்துக்கு எஃப்1 என்று பெயர் வைத்தார்கள். தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. 1985இல் ஒரு குழுவைக் கலிபோர்னியாவின் லகூனா பீச்சுக்கு அனுப்பி, அங்கேயே வீடெடுத்துத் தங்க வைத்தார்கள். பணக்கார அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரை எதற்கு வாங்குகிறார்கள், எதில் சலித்துக்கொள்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்ப்பதுதான் வேலை. இளம் வயதில் கொரோலா ஓட்டியவர்கள், கையில் காசு சேர்ந்ததும் ஜெர்மன் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். டொயோட்டாவின்மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை; அவர்களுக்குத் தருவதற்கு டொயோட்டாவிடம் ஒரு காரும் இல்லை, அவ்வளவுதான்.

சுசுகி வைத்த இலக்குகளைப் பார்த்தால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று புரியும். உச்ச வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். காற்றுத்தடை எண் 0.29க்குள். 100 கிலோமீட்டர் வேகத்தில் காருக்குள் இரைச்சல் 58 டெசிபெல், அன்றைய பி.எம்.டபிள்யூ 735ஐ காரில் அது 61. அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்கா போடும் தனி வரி இதன்மேல் விழக் கூடாது. அதற்கு கேலனுக்கு 22.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 9.6 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

தனித்தனியே பார்த்தால் எதுவும் அதிசயமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. இரைச்சலைக் குறைக்க எல்லாரும் செய்யும் வழி, தடித்த மெத்தைகளையும் ரப்பரையும் தாரையும் காருக்குள் அடைப்பது. அப்படிச் செய்தால் எடை கூடும். எடை கூடினால் வேகம் போகும், மைலேஜும் போகும். மூன்று டெசிபெல் என்றதும் சொற்பமாகத் தோன்றலாம். ஒலியின் ஆற்றல் கணக்கில் மூன்று டெசிபெல் குறைவு என்றால் பாதியாகக் குறைந்தது என்று பொருள்.

சுசுகியின் பதில்: சத்தத்தை மூடாதே, பிறக்கவிடாதே. எஞ்சினுக்குள் சுழலும் பாகங்கள் கூடுதல் துல்லியத்தோடு இருந்தால் அதிர்வே எழாது. எழாத அதிர்வை அடக்க மெத்தையும் வேண்டாம், எடையும் ஏறாது. எஞ்சின் பிரிவினர் ஒப்பவில்லை. அவ்வளவு துல்லியத்தில் ஆயிரக்கணக்கில் செய்ய எந்திரங்கள் இடம் கொடுக்காது என்றார்கள். ஒன்றே ஒன்று செய்து காட்டுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார் இவர். செய்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தபோது அவர்களுக்கே ஆசை வந்துவிட்டது. பெருமளவில் செய்வதற்கான வழியையும் அவர்களே தேடினார்கள். எதிர்ப்பவனிடம் வாதாடுவதைவிட அவன் கையாலேயே ஒன்றைச் செய்ய வைத்துவிடுவது மேல் என்பதை அறிந்த நிர்வாகி அவர்.

இதே புத்தி காரின் அடிப்புறத்திலும் தெரியும். எஞ்சின் முன்னே, ஓடும் சக்கரம் பின்னே என்று இருக்கும் கார்களில் நடுவே, எஞ்சினின் சுழற்சியைப் பின்னே கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீண்ட தண்டு சுழல்கிறது. பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸிலிருந்து, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குப் போகும்போது அது சற்றே மடங்கிப் போகும். அந்த மடிப்பில்தான் ஒரு மெல்லிய நடுக்கம் பிறந்து இருக்கைவரை ஏறிவருகிறது. இந்த முயற்சியில் பிறந்த முதல் பெரிய லெக்ஸஸான எல்.எஸ். 400 காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் அமைந்தன. இதற்காக எஞ்சினை வைக்கும் கோணத்திலிருந்து தரைத்தகடு வரை ஆரம்பத்திலிருந்தே திட்டமிட வேண்டும். அதனால்தான் ஏற்கெனவே இருக்கும் டொயோட்டா ஒன்றை எடுத்து மெருகேற்றினால் இந்தக் கார் கிடைத்திருக்காது.

1,400 பொறியாளர்கள், 2,300 தொழில்நுட்பப் பணியாளர்கள், சுமார் 450 மாதிரிக் கார்கள், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு என்று டொயோட்டா கணக்குச் சொன்னது. கையில் கிடைத்தது 4 லிட்டர் வி8 அலுமினிய எஞ்சின், 250 குதிரைத்திறன். இந்த எஞ்சினின் ஆயுள் ஊரறிந்தது. 1996இல் செய்யப்பட்ட ஓர் எல்.எஸ். 400, அமெரிக்காவில் 2019இல் பத்து லட்சம் மைலைத் தொட்டது. ஆனால் குறையே இல்லாத வண்டி என்று சொன்னால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் கசிந்து, எண்ணெய் நேராகக் கீழே இருக்கும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர்மேல் சொட்டி அதையும் கெடுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரை எஞ்சினின் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, காற்றை உள்ளே செலுத்தும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள பாதியைக் கழற்ற வேண்டும். அது லேசில் கெடாது என்ற நம்பிக்கையில் அங்கே வைத்தார்கள் போலும்.

1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. லெக்சிஸ் என்ற சட்டத் தகவல் சேவையை நடத்திவந்த நிறுவனம் பெயருக்காக அதற்கு முன்பே வழக்குப் போட்டிருந்தது. முதலில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பானது, மேல்முறையீட்டில் டொயோட்டா ஜெயித்தது. செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. விலை 35,000 டாலர். அதற்கு நிகராக அது குறிவைத்த மெர்சிடிஸ் 420 எஸ்.இ.எல். அப்போது 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. அடக்கவிலைக்கும் கீழே தள்ளிவிடுகிறார்கள் என்று பி.எம்.டபிள்யூவின் தலைவர் குற்றம்சாட்டினார். ஜெர்மானியர்கள் எவ்வளவு லாபம் வைத்திருந்தார்கள் என்று கேட்க வாடிக்கையாளர்களுக்கு அப்போதுதான் தோன்றியிருக்கும்.

விளம்பரம் பிரபலமானது. உருளைகள்மேல் நிறுத்திய காரின் சக்கரங்கள் மணிக்கு 145 மைல் வேகத்தில் சுழல, பானட்டின்மேல் கோபுரமாக அடுக்கிய ஷாம்பெயின் கோப்பைகள் ஆடாமல் அசையாமல் நிற்கும். இன்ஃபினிட்டியோ காரையே காட்டாமல் பாறைகளையும் மரங்களையும் வைக்கோல் போரையும் காட்டி விளம்பரம் செய்தது. எதை விற்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கு விளங்கவில்லை. கோப்பைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எல்.எஸ்ஸோடு கூடவே வந்த சிறிய ஈ.எஸ். 250 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேம்ரிக்குப் பட்டுச் சட்டை மாட்டிய கார் அது. ஷோரூமில் ஒரு கார் மட்டும் நிற்கக் கூடாதே என்று வைத்தார்கள்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். கார் ஓடத் தொடங்கி மூன்றே மாதத்தில், 1989 டிசம்பரில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில புகார்கள் வந்தன. பின்கண்ணாடியில் உள்ள பிரேக் விளக்கு அதிகம் சூடாகிறது. வேகத்தை ஒரே சீராக வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் ஒரு கோளாறு. அதுவரை விற்ற கார்கள் சுமார் 8,000. தரத்தை மட்டுமே சொல்லிச் சந்தைக்கு வந்த புதுப் பெயருக்கு இதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது.

அமெரிக்கர்கள் கண்முன்னே ஒரு பாடமும் இருந்தது. 1986இல் ஜெர்மன் நிறுவனமான ஆடியின் கார்கள் தாமாகவே வேகமெடுத்துப் பாய்கின்றன என்ற புகார் தொலைக்காட்சி வரை போனது. ஓட்டியவர்கள் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார்கள் என்றது ஆடி. பின்னர் நடந்த அரசு ஆய்வும் பெரும்பாலும் அதையே சொன்னது. சொன்னது சரி, சொன்ன விதத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. 1985இல் 74,000க்கு மேல் விற்ற ஆடி, 1991இல் 12,000 சொச்சத்துக்கு இறங்கியது.

லெக்ஸஸ் வாதம் செய்யவில்லை. எல்லாக் கார்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்து, கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் ஒவ்வொரு உரிமையாளரையும் தனித்தனியே தொடர்புகொண்டது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வந்து காரை எடுத்துப் போனார்கள், மாற்றுக் கார் கொடுத்தார்கள். டீலர் இல்லாத தொலைதூர ஊர்களுக்குத் தொழில்நுட்ப ஆட்களை விமானத்தில் அனுப்பி, அங்கேயே ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பழுது பார்த்தார்கள். திரும்பி வந்த கார் கழுவித் துடைக்கப்பட்டு, டேங்க் நிறையப் பெட்ரோலோடு இருந்தது. இருபது நாள்களில் வேலை முடிந்தது. மூச்சுக்காட்டாமல் மறைத்திருக்க வேண்டிய விஷயம், தெருவெல்லாம் பேசும் நல்ல பெயராகிவிட்டது. கோப்பைக் கோபுரத்தைப் பார்த்து வாங்கியவர்களைவிட, பக்கத்து வீட்டுக்காரரின் கார் கழுவப்பட்டுத் திரும்பியதைப் பார்த்து வாங்கியவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இது திடீரென வந்த நற்குணமும் இல்லை. டொயோட்டா ஷோரூம்களின் ஒரு மூலையில் லெக்ஸஸை நிறுத்தாமல், முற்றிலும் தனியான டீலர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. வாடிக்கையாளரை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல நடத்துவோம் என்ற உறுதிமொழியை, அமெரிக்க லெக்ஸஸ் பிரிவின் முதல் தலைவர் டேவ் இல்லிங்வொர்த் 1987இலேயே எழுதிவைத்திருந்தார். இப்படிப்பட்ட உறுதிமொழிகள் சுவரில் மாட்டுவதற்கே எழுதப்படுபவை என்று நாம் பார்த்திருக்கிறோம். இங்கே டிசம்பர் மாதம் அதற்குப் பரீட்சை வைத்தது. 1991இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற இறக்குமதிச் சொகுசு கார் லெக்ஸஸ்.

எதிரிகளும் அதை ஒப்புக்கொண்டார்கள், வேறு விதத்தில். 1995இல் ஜப்பானோடு நடந்த வாகன வர்த்தகத் தகராறில், கிளிண்டன் அரசு 13 ஜப்பானியச் சொகுசு கார்கள்மேல் 100 சதவீத வரி போடப்போவதாக மிரட்டியது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசி நேரத்தில் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டு வரி வராமல் போனது.

பெயரை நிலைநாட்டியது எல்.எஸ். என்றால், பணத்தைக் குவித்தது 1998இல் வந்த ஆர்.எக்ஸ். 300. அதுவரை உயரமான சொகுசு வண்டி என்றால் பெரும்பாலும் லாரியின் சட்டகத்தின்மேல் உடம்பை வைத்துக் கட்டியது. வரப்பில் போக ஏற்றது, கடைவீதிக்குப் போனால் முதுகு வலிக்கும். ஆர்.எக்ஸ்ஸோ சாதாரணக் கார் ஒன்றின் அடித்தளத்தின்மேல், அதுவும் கேம்ரியின் அடித்தளத்தின்மேல், உயரமான உடம்பை அமைத்தது. ஏறி உட்கார வசதி, உள்ளே அதே அமைதி. இன்று உலகத்தில் எந்தக் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனாலும் நிற்பது இந்த வகை வண்டிதான். 2003இல் கனடாவின் கேம்பிரிட்ஜ் ஆலையில் ஆர்.எக்ஸ். தயாரிப்பு தொடங்கியது, ஜப்பானுக்கு வெளியே செய்த முதல் லெக்ஸஸ் அதுதான். 2005இல் ஹைப்ரிட் ஆர்.எக்ஸ். 400எச் வந்தது. 2000 முதல் 2010 வரை தொடர்ந்து பதினோரு ஆண்டுகள் அமெரிக்காவில் அதிகம் விற்ற சொகுசு கார்ப் பெயர் லெக்ஸஸ். 2011 நிலநடுக்கமும் சுனாமியும் உற்பத்தியை முடக்கியபோதுதான் அந்த இடம் கைமாறியது.

சொந்த நாட்டில் கதை வேறு. லெக்ஸஸ் என்ற பெயர் ஜப்பானுக்கு வந்ததே 2005 ஆகஸ்டில்தான். அதுவரை அங்கே எல்.எஸ். காருக்கு டொயோட்டா செல்சியோர் என்று பெயர். நேற்றுவரை டொயோட்டா கடையில் வாங்கிய அதே பரம்பரைக் காரைக் கூடுதல் விலை கொடுத்துப் புதுப் பெயரில் ஏன் வாங்க வேண்டும் என்று ஜப்பானியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் புதுப் பெயர் பழைய பெயரை மறக்க வைத்தது. ஜப்பானில் யாரும் மறக்கத் தயாராக இல்லை. தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது.

ஐரோப்பாவின் தயக்கம் வேறு வகை. அங்கே நீண்ட காலம் டீசலுக்கே மவுசு. லெக்ஸஸ் டீசலில் அரை மனதோடுதான் இறங்கியது. அதைவிட, ஜெர்மானியருக்குப் பெரிய கார் என்பது ஓட்டுபவரோடு பேச வேண்டும்: ஸ்டீயரிங்கில் சாலையின் கனம் தெரிய வேண்டும், வளைவில் கார் முறுக்கேற வேண்டும். எதையும் உணரவிடாமல் தாலாட்டும் கார் அவர்களுக்குப் பெருமையாகப் படவில்லை. தினமும் நெடுஞ்சாலையில் நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்பும் கலிபோர்னியாக்காரருக்கு அதுவே சொர்க்கம்.

இந்தச் சலிப்புக் குற்றச்சாட்டு டொயோட்டாவின் உச்சியையே எட்டியது. 2011இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார் விழாவுக்குப் போன, டொயோட்டாவின் அப்போதைய தலைவர் அகியோ டொயோடாவிடம், லெக்ஸஸ் ஓட்டச் சலிப்பான கார் என்று ஆட்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் அதை மறக்கவில்லை. அதற்குச் சற்று முன்பே எல்.எஃப்.ஏ. என்ற அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் வந்திருந்தது: வி10 எஞ்சின், 3,75,000 டாலர், மொத்தமே 500 கார்கள். அதன் கார்பன் இழைச் சட்டகத்தின் பாகங்களைப் பின்ன டொயோட்டா ஒரு வட்டத் தறியையே உருவாக்கியது. தறி செய்யும் தொழிலில் பிறந்த குடும்பத்துக்கு அது கைவந்த கலை. எஞ்சினின் ஓசையை யமஹா சீர்செய்தது. சத்தத்தை ஒழிப்பதில் பெயரெடுத்தவர்கள் ஒரு சத்தத்துக்காக இசைக்கருவி செய்பவர்களிடம் போனார்கள். பின்னால் வந்த அகன்ற வாய் போன்ற முன்கிரில், ‘சாதுவான கார் அல்ல’ என்று கத்துவதற்காகவே வைத்தது. எனக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பின்னால் வருவது லெக்ஸஸ் என்று தெரிந்துவிடுகிறது, அதற்காகத்தானே வைத்தார்கள்.

சறுக்கலையும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே, டீலர் மாற்றுக் காராகக் கொடுத்த ஓர் ஈ.எஸ். 350 கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து மோதியதில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். அந்தக் காருக்குப் பொருந்தாத தரைவிரிப்பு ஆக்சிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது. லட்சக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. பாதுகாப்புக் குறைகளைப் பற்றி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதை டொயோட்டா ஒப்புக்கொண்டு, 2014இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. ஆடியின் வீழ்ச்சியைப் பார்த்துக் கற்று 1989இல் உடனே கைகொடுத்த அதே நிறுவனம்தான் இது. 8,000 கார் விற்றவனுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகமும் தெரிந்திருந்தது; கோடிக்கணக்கில் விற்பவனுக்கு வழக்கறிஞர்கள் சொல்வதே முதலில் காதில் விழுகிறது.

இந்தியாவில் 2017 மார்ச்சில்தான் லெக்ஸஸ் வந்தது. 2020 முதல் ஈ.எஸ். 300எச் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் பொருத்தப்படுகிறது. விற்பனை ஜெர்மன் பெயர்களோடு ஒப்பிடும் அளவில் இல்லை. இங்கே பெரிய கார் வாங்குபவர்களில் பலருக்கு நான்கு பேர் திரும்பிப் பார்ப்பது முக்கியம். லெக்ஸஸ் அதற்காகச் செய்யப்பட்ட கார் இல்லை.

இன்றைய நிலையில் ஆண்டுக்கு உலகெங்கும் எட்டு லட்சத்துக்கு மேல் விற்கிறது, எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் மின்கார்கள் வந்தபின் கணக்கு மாறிவிட்டது. மின்மோட்டாரில் இயல்பாகவே இரைச்சல் இல்லை. சுசுகியின் ஆட்கள் எஞ்சினோடும் ஷாஃப்டோடும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற அமைதியின் பெரும்பகுதி, இன்று சீனாவின் நடுத்தர விலை மின்காரிலும் கிடைக்கிறது. அதில் அந்த எஞ்சினும் இல்லை, அந்த நீண்ட ஷாஃப்டும் இல்லை. மிஞ்சியிருப்பது நீடித்த உழைப்பும், டீலரின் நடத்தையும். இதுவரை சீனாவில் விற்ற லெக்ஸஸ்கள் எல்லாம் இறக்குமதிதான். இப்போது மின்கார்களுக்காக ஷாங்காயில் சொந்த ஆலை கட்டுகிறார்கள்; 2027இல் உற்பத்தி தொடங்கும் என்று 2025 தொடக்கத்தில் அறிவித்திருக்கிறார்கள்.